கோபுரமும் கோப்பையும்

பயணம் மனிதனின் அறிவை விரிவாக்கும் என்று எமது மாணவர்க்கு நாம் பலமுறை சொல்லியிருக்கிறோம். அவர்கள் எழுதும் கட்டுரைகளில் அவ்வசனத்தை எதிர்பார்த்துப் புள்ளியும் வழங்கியிருக்கிறோம். ஆயினும், யாருடைய பயணம், எதனைக் காணும் பயணம் என்ற கேள்வியை அவர்களிடம் எழுப்பியதில்லை. 2017ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் பரிஸ் மாநகரில் நாம் கழித்த ஒரு சனியும் ஒரு ஞாயிறுமே அக்கேள்வியை எமக்குக் கற்பித்தன.

அவ்வாண்டில் நாம் புலமைப்பரிசில் ஒன்றின் துணையுடன் இலண்டனில் மேற்படிப்பு மாணவராக இருந்தோம். உடன் பயின்ற ஐரோப்பிய மாணவர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினர். நாமோ வங்கிக் கணக்கு, கல்லூரிக் கடிதம், திரும்பி வருவதற்கான சீட்டு ஆகியவற்றைக் கட்டாகக் கொடுத்து விசாப் பெற்ற பின்னரே ஏற முடிந்தது. கலே துறைமுகத்தைக் கடக்கையில் வீதியோரம் உயர்ந்த கம்பி வேலிகள் தெரிந்தன. ஆயிரக்கணக்கான ஏதிலிகள் தங்கியிருந்த முகாம் அங்கிருந்து 2016 அக்டோபரிலேயே அகற்றப்பட்டிருந்தது. ஊர் பார்க்கப் போகிறவனுக்குத் திறக்கும் கதவு, உயிர் பிழைக்கப் போகிறவனுக்கு வேலியாகிவிடுகிறது.

சனிக்கிழமை முழுவதும் எல்லோரும் காண்பவற்றையே நாமும் கண்டோம். மன்னரின் மாளிகையாக இருந்து, புரட்சிக்குப் பின்னர் 1793இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லூவர் அரும்பொருட்சாலையில் கால் நோக நடந்தோம். பின்னர் ஈபெல் கோபுரத்தை அடைந்தோம். பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை முன்னிட்டு 1889இல் நடந்த கண்காட்சிக்காக எழுப்பப்பட்டது அது. 18,038 இரும்புத் துண்டுகளை 25 இலட்சம் தறையாணிகள் பிணைத்து நிற்கின்றன. முதலாம் தளத்தின் கீழே விஞ்ஞானிகள், பொறியியலாளர் 72 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அவர்களுள் ஒரு பெண்ணும் இல்லை. அத்தறையாணிகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்த தொழிலாளி ஒருவனும் இல்லை. இதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டபோது ஏதோ பெரிய உண்மையைக் கண்டுவிட்டதாகவே எண்ணினோம். தொழிலாளியை அன்றிரவுதான் சந்தித்தோம்.

பள்ளிக்கூடத்தில் எம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பன் ஒருவன் பரிஸில் இருந்தான். நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் வீதியொன்றில் காத்திருக்கச் சொல்லியிருந்தான். வேலை முடிந்து அவன் வந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. புறநகரில் ஓர் அறை. அதில் ஐவர் வாசம். இரவு வேலைக்குப் போனவனின் படுக்கையில் பகல் வேலை செய்தவன் படுப்பான். தன் படுக்கையை எமக்குத் தந்துவிட்டு அவன் நிலத்தில் சாய்ந்தான். உணவுச்சாலை ஒன்றில் கோப்பை கழுவுவது அவனுடைய தொழில். அகதி விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது.

கோபுரத்தைப் பற்றி நாம் உற்சாகமாகக் கூறியதைக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னான்:

“நான் வந்து ஆறு வருசம் மச்சான். உதுக்குக் கிட்டப் போகேல்லை. குப்பை வாளியைப் பின்பக்கம் கொண்டுபோய் வைக்கேக்கை தூரத்திலை வெளிச்சம் தெரியும். அவ்வளவுதான்.”

“ஏன் போகேல்லை?”

“அங்கை ஆமி நிக்குது. கடதாசி கேட்டா என்னத்தைக் காட்டுறது?”

2015 நவம்பரில் அந்நகரில் நிகழ்ந்த தாக்குதல்களின் பின்னர் பிறப்பிக்கப்பட்ட அவசரகால நிலை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. நாம் இரண்டு நாளில் ஆடிப்பாடிக் கண்ட நகரம், ஆறாண்டு அதற்கு உழைத்தவனுக்கு அஞ்சி ஒதுங்க வேண்டிய நகரமாக இருந்தது. சற்று நேரம் கழித்து, “விடியக் காலமை சனம் இராது, வாறியோ? அம்மா ஒரு படம் கேட்டுக்கொண்டே இருக்கிறா” என்றான்.

விடியுமுன் புறப்பட்டோம். அறைத் தோழன் ஒருவனின் நல்ல கோட்டை இரவல் வாங்கி அணிந்திருந்தான். கோபுரத்தடியில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் எதிரே வந்தபோது அவன் எமது கையை இறுகப் பற்றினான். அவர்கள் எம்மைப் பாராமலே சென்றனர். படம் எடுக்கையில், சவர்க்கார நீரில் தோலுரிந்த தன் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் மறைத்துக்கொண்டான். எடுத்ததும் வேலைக்கு விரைந்தான். அண்ணாந்து கோபுரத்தைப் பார்க்கக்கூட அவன் மறந்துவிட்டான்.

அன்று நண்பகல் நாம் தனியே பெர் லாஷேஸ் இடுகாட்டுக்குச் சென்றோம். அதன் ஒரு மூலையில் ஒரு மதில் இருக்கிறது. 1871 மார்ச் 18இல் எழுந்து 72 நாள் நின்ற பரிஸ் கொம்யூனின் போராளிகள் 147 பேர் மே 28இல் அம்மதிலோரம் சுட்டுக் கொல்லப்பட்டனர். பேக்கரித் தொழிலாளரின் இரவு வேலையைத் தடைசெய்த ஆட்சி அது. மதச்சார்பற்ற இலவசக் கல்வியைக் கோரிய ஆட்சி அது. அதற்காகப் போராடிய லூயிஸ் மிஷேல் எம்மைப் போல ஓர் ஆசிரியை. தோல்விக்குப் பின் நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அவ்வாட்சியில் தொழில் விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்த லியோ பிராங்கல் ஹங்கேரியில் பிறந்த ஒரு நகைத் தொழிலாளி. அவர் அந்நியர் என்பது தெரிந்தே அவருடைய தெரிவை ஏற்றுக்கொண்டது கொம்யூன். அந்நகரில் ஒரு காலம் அப்படியும் இருந்தது! அம்மதிலின் முன் நிற்கையில், அதே நகரில் சிப்பாயைக் கண்டு நடுங்கிய ஒரு கையின் சூடு எமது கையில் இன்னும் இருந்தது.

ஊர் திரும்பிய பின்னர் நண்பனின் வீட்டுக்குச் சென்றோம். சுவாமிப் படங்களின் அருகே அந்தப் படம் சட்டமிடப்பட்டுத் தொங்கியது. தாயார் கேட்டார்:

“தம்பி, அவன் சுகமா இருக்கிறானோ? உந்தக் கோபுரத்துக்குக் கிட்டத்தானே வேலை?”

“ஓம் அம்மா, கிட்டத்தான்” என்றோம். அது பொய்யன்று, ஆயினும் உண்மை சொல்லிவிட்டதாக இன்றுவரை எமது மனம் ஒப்பவில்லை.

பாடசாலையில் மாணவர்க்குப் படங்களைக் காட்டினோம். கோபுரத்தையும் ஓவியங்களையும் வருணித்தோம். இறுதியில் ஒரு மாணவன் எழுந்து, “சேர், அங்கை போறதுக்கு என்ன செய்யவேணும்?” என்று கேட்டான். அவனது கண்களிலிருந்த ஆவலைக் கண்டபோதுதான் நாம் செய்த பிழை விளங்கிற்று. தாய்க்கு அனுப்பப்பட்ட அதே படத்தையே நாமும் வகுப்பில் காட்டியிருந்தோம். பைக்குள் மறைந்த கைகளைக் காட்டவில்லை.

மறுநாட் பாடத்தில் அக்கைகளைப் பற்றியும், அந்த மதிலைப் பற்றியும் பேசினோம். போகாதே என்று அவனுக்குச் சொல்லவில்லை. சொல்ல எமக்கு உரிமையும் இல்லை. இப்போது ‘நான் காண விரும்பும் நகரம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது ஒரு வரி சேர்க்கிறோம்: அந்நகரில் கோப்பை கழுவுபவர் யார் என்பதையும் எழுதுக.