ஒரு லைட் க்ரூஸர்... டிசைனர் நீங்கதான்!

டைட்டானிக் பைத்தியம் பிடிச்சு பெல்ஃபாஸ்ட் போற கூட்டம் எக்கச்சக்கம். வட அயர்லாந்தின் தலைநகரான அந்த ஊர்லதான் டைட்டானிக்கைக் கட்டினாங்க. கட்டின இடத்துலேயே 2012-ல் ஒரு பெரிய மியூசியமும் திறந்துட்டாங்க. என்ன ஒண்ணு, கப்பல் மட்டும் அங்கே இல்லை. அது அட்லாண்டிக்குக்கு அடியில கிடக்குது! ‘நான் நிஜக் கப்பலைத்தான் பார்ப்பேன்’னு அடம்பிடிக்கிற ஆளா நீங்க? அப்படியே அந்த ஏரியாவுலேயே நடந்து அலெக்ஸாண்ட்ரா டாக் பக்கம் வாங்க. ஒல்லியா, நீளமா ஒருத்தி நிற்பா. பேரு கரோலின்.

1914-ல் கட்டின லைட் க்ரூஸர். 1916 மே 31-ம் தேதி தொடங்கின ஜட்லாந்து கடற்போர்ல பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்து சுமார் 250 கப்பல்களை இறக்கினாங்க. அதுல இன்னிக்கும் மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான்.

சும்மா சுத்திப் பார்த்துட்டு போட்டோ எடுத்துட்டு வந்தா போதுமா? ஒரு விளையாட்டு விளையாடுவோம். இப்போ வருஷம் 1913. பிரிட்டிஷ் கடற்படையில உங்களுக்கு ஒரு டேபிள், ஒரு பென்சில், ஒரு பேப்பர் கொடுத்தாச்சு. ‘பெரிய போர்க்கப்பல்களுக்கு முன்னாடி ஓடிப்போய் எதிரி எங்கே இருக்கான்னு பார்த்துச் சொல்லணும். நம்ம மேல டார்பிடோ விட வர்ற குட்டிக் கப்பல்களை விரட்டணும். அதுக்கு ஒரு கப்பல் வரைஞ்சு கொடு’ - இதுதான் ஆர்டர். எடை 3,750 டன். அதுக்கு மேல கேட்டா காசு கிடையாது.

உங்க கையில மூணு சமாசாரம் இருக்கு. வேகம், பீரங்கி, கவசம். ஹாஸ்டலுக்குக் கட்டுற ட்ரங்க் பெட்டி மாதிரிதான். ஒண்ணைக் கூடுதலா திணிச்சா இன்னொண்ணை வெளியே எடுக்கணும். மூடி மூடியாகணுமே!

முதல்ல வேகம். கரோலினோட டிசைன் வேகம் 28.5 நாட். அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 53 கிலோமீட்டர். ‘ப்பூ... இவ்வளவுதானா?’ங்கறீங்களா? தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போறது தார் ரோட்டுல போற மாதிரி இல்லை மக்கா. வேகத்தைக் கொஞ்சம் கூட்டணும்னாலே இன்ஜின் சக்தியைக் கன்னாபின்னானு கூட்டணும். 25-ல் இருந்து 28.5-க்குப் போகவே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி வேணும். கரோலினுக்குக் கொடுத்தது 40,000 குதிரைசக்தி. அதுக்காக உடம்பையும் ஊசி மாதிரி இழுத்துட்டாங்க. நீளம் 136 மீட்டர், அகலம் 13 மீட்டர்கூட இல்லை! கீழே இறங்கிப் பாருங்க. அன்னிக்கு வெச்ச பார்சன்ஸ் டர்பைன்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கு. மெக்கானிக்கல் பசங்க அந்த இடத்தை விட்டு நகர மாட்டாங்க.

எரிபொருள்? நிலக்கரி வேண்டாம், எண்ணெய் போடுங்க. கரி அள்ளிப்போட ஆள் பட்டாளம் வேண்டாம், எடையும் மிச்சம். டிசைனருக்குச் சந்தோஷம். ஆனா பிரிட்டன்ல கரி கொட்டிக் கிடந்தது, எண்ணெய் கிடையாது. அதனால 1914-ல் பாரசீகத்துல எண்ணெய் எடுத்துக்கிட்டிருந்த கம்பெனியோட பெரும்பங்கை அரசாங்கமே வாங்கிப் போட்டது. நீங்க பேப்பர்ல ‘எண்ணெய்’னு எழுதின ஒரு வார்த்தை எங்கே போய் நிக்குது பாருங்க!

அடுத்து பீரங்கி. இங்கேதான் நம்ம ஊர்க் கதை ஒண்ணு வருது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்துல எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திட்டுப் போன எம்டனும் ஒரு லைட் க்ரூஸர்தான். ‘அவன் சரியான எம்டன்’னு நாம இன்னிக்கும் சொல்றோமே, அதே எம்டன். அது சுட்டுட்டுப் போன ஏழாவது நாள் கரோலின் தண்ணியில இறங்கினா. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை. எம்டன்ல பத்து பீரங்கி இருந்தும் குண்டு ஒவ்வொண்ணும் 17 கிலோதான். நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுகள்கிட்ட அதைப் பிடிச்ச ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியோட குண்டு 45 கிலோ. முதல் அடி எம்டனோடது. முடிவு சிட்னியோடது. ஜெர்மன்காரங்க 130 பேருக்கு மேல செத்துப்போனாங்க.

அப்போ உங்க கப்பல் பூரா 45 கிலோ குண்டு போடுற ஆறு அங்குல பீரங்கியா வெச்சுடலாமா? எடை தாங்காதே! கரோலினுக்குக் கிடைச்சது ரெண்டே ரெண்டு. மீதி எட்டும் சின்ன நாலு அங்குலம். அந்தப் பெரிய ரெண்டையும் எங்கே வெச்சாங்கங்கறீங்க? முன்னாடி இல்லை, பின்னாடி! சின்னக் கப்பல்னா துரத்தி சுடுவோம், அதுக்கு முன்னால சின்ன பீரங்கி போதும். பெரிய கப்பல்னா திரும்பி ஓடுவோம், அப்போ பின்னாடி பெரிசு வேணும். இதுதான் லாஜிக். பேப்பர்ல பிரமாதம். ஆனா போர் நடக்கும்போதே முன்பக்கத்துச் சின்ன பீரங்கிகளைக் கழற்றிட்டு ஆறு அங்குலம் வெச்சுட்டாங்க. ஜட்லாந்துல கரோலின் ஓடவும் இல்லை. அன்னிக்குச் சாயங்காலம் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஜெர்மன் கப்பல்களை நோக்கிப் போய் டார்பிடோ விட்டா.

கவசத்துக்கு மிஞ்சினது கொஞ்சம்தான். பக்கவாட்டுல, நடுவுல மூணு அங்குலம். மேலே ஒரு அங்குலம். இன்ஜினும் பாய்லரும் உள்ளே பத்திரம். பீரங்கிக்காரங்க? திறந்தவெளி டெக்ல, முன்னால ஒரு இரும்புத் தகடு, அவ்வளவுதான். முதுகுப்பக்கம் வெட்டவெளி.

அந்தத் தகட்டைப் பத்திச் சொல்ல, கரோலினை விட்டுட்டு இன்னொரு கப்பலுக்குப் போகணும். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில பர்க்கன்ஹெட்னு ஒரு ஊர். கரோலினைக் கட்டினது அங்கேதான். அதே தளத்துல கட்டின இன்னொரு லைட் க்ரூஸர் செஸ்டர். ஜட்லாந்துல செஸ்டரை நாலு ஜெர்மன் க்ரூஸர்கள் மடக்கி, 17 குண்டு போட்டாங்க. செஸ்டரோட பீரங்கித் தகடு டெக் வரைக்கும் இறங்கலை. கீழே இடைவெளி. வெடிச்ச குண்டோட சில்லுகள் அந்தச் சந்து வழியா உள்ளே போய் ஆட்களோட காலை வெட்டுச்சு. செத்தவங்களும் காயம்பட்டவங்களுமா 80 பேருக்குப் பக்கம். இன்ஜின் நல்லாத்தான் ஓடுச்சு. கப்பல் மூழ்கலை. அந்த வகையில டிசைன் பாஸ்!

முன் பீரங்கியில நின்னவன் ஜாக் கார்ன்வெல். வயசு 16. நம்ம ஊர்ல ப்ளஸ் ஒன் படிக்கிற வயசு. சுத்தி இருந்தவங்க எல்லாம் விழுந்த பிறகும், ஆர்டர் வரும்னு பீரங்கி பக்கத்துலேயே நின்னுக்கிட்டிருந்தான். ஜூன் 2-ம் தேதி ஆஸ்பத்திரியில இறந்துட்டான். அப்புறமா விக்டோரியா கிராஸ் கொடுத்தாங்க. அவன் நின்ன பீரங்கி லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. பார்க்கக் கிடைச்சா குனிஞ்சு அந்தச் சந்தைப் பாருங்க.

சரி, தகட்டைக் கீழ் வரைக்கும் இழுத்துடலாம்தானே? இழுக்கலாம். ஆனா டெக் மேல ஏத்துற எடை கப்பலை ஆட்டும். அதைச் சரிகட்ட வேற எங்கேயாவது கைவைக்கணும். அரை நாட் வேகமா? ஒரு பீரங்கியா? ரெண்டு டார்பிடோவா?

பென்சில் உங்க கையிலதான் இருக்கு. எதை அழிக்கப் போறீங்க?