அட்டை இல்லாத மோட்டார்

திருப்பூர் மாவட்டம், பெருமாநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். மூன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, 5 ஹெச்.பி மோட்டார், இரண்டு கறவை மாடுகள். எழுபது தென்னை மரங்கள் போக மீதி இடத்தில் மக்காச்சோளமும் தீவனப்புல்லும். அந்தக் குடும்பத்தின் சொத்து இவ்வளவுதான். வீட்டில் நான்கு பேர்: அவர், அவர் மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், 76 வயதுத் தாய்.

புரட்டாசி மாதம் ரீடிங் எடுக்க வந்தவர், வெள்ளை அட்டையில் 412 யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதுபோக மீதி 312 யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். "ஏனுங்க, ஏ.சி-யும் இல்ல, வாஷிங் மெஷினும் இல்ல. அப்புறம் எப்படிங்க இவ்வளவு ஓடும்?" என்று கேட்டார் மனைவி. அவரிடம் பதில் இல்லை.

பதிலைத் தேடிப் பிடித்தது மகள்தான். புவி வெப்பமயமாதல் பற்றிப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். வீட்டில் எந்தப் பொருள் எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று நோட்டில் எழுதிவர வேண்டும். வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். கணக்கு அவ்வளவுதான்.

முதலில் மாட்டியது மாட்டுக் கொட்டகை. கொட்டகையில் ஒன்று, வாசலில் ஒன்று என இரண்டு 60 வாட் குண்டு பல்புகள் ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தன. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் பக்கம் வந்தது. இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி போட்டால் 13 யூனிட்டில் முடிந்துவிடும்.

அடுத்தது அப்பத்தாவின் அறையில் இருந்த பழைய ஃபேன். முட்டி வலியால் அவர் பகலிலும் படுத்தே இருப்பதால், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் அது சுற்றும். 75 வாட். அதைக் கழற்றிவிட்டு 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி ஃபேன் மாட்டினார்கள். சுமார் மூவாயிரம் ரூபாய் ஆனது. தேங்காய் விற்ற காசில்தான் வாங்கினார். எல்லா ஃபேனையும் மாற்ற முடியாது, அதிக நேரம் ஓடுவதை மட்டும் மாற்றினால் போதும் என்பது மகளின் யோசனை. அது ஒன்றிலேயே இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் குறையும்.

மற்றவை எல்லாம் செலவில்லாத வேலைகள். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி நின்ற ஃபிரிட்ஜைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். அதன் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். குளிர்ச்சி வெளியே போய்க்கொண்டே இருக்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். நல்லவேளையாகத் தாள் இறுக்கமாக நின்றது. டி.வி-யை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் மின்சாரம் குடித்துக்கொண்டுதான் இருக்கும் என்பதால், சுவரில் இருக்கும் சுவிட்சையே அணைக்கும் பழக்கம் வந்தது.

கார்த்திகையில் அட்டையில் 290 என்று விழுந்தது. 122 யூனிட் மிச்சம். நம் நாட்டில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. சராசரியாக ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த வீடு இரண்டு மாதத்தில் 85 கிலோவைக் குறைத்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் அவர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அன்று ராத்திரி நோட்டை மூடப்போகும் நேரத்தில்தான் மகள் கேட்டாள்: "அப்பா, மோட்டாருக்கு அட்டை எங்கீங்க?"

"அதுக்கு ஏது கண்ணு அட்டை? அது ஃப்ரீ கரண்ட்டு."

ஆனாலும் அவள் கணக்குப் போட்டாள். 5 ஹெச்.பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் 4 யூனிட்டுக்குக் குறையாது. அவர் ஸ்டார்ட்டரை எப்போதும் ஆட்டோவில்தான் போட்டிருப்பார். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். விடிந்து அவர் போய்ப் பார்க்கும்போது வாய்க்கால் நிறைந்து, தென்னந்தோப்பைத் தாண்டி, வண்டித்தடத்தில் தண்ணீர் நிற்கும். தேவை மூன்று மணி நேரம் என்றால் ஓடுவது ஆறு மணி நேரம். வீணாகும் மூன்று மணி நேரத்துக்கு 12 யூனிட். வீட்டில் இரண்டு மாதம் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்தது, காட்டில் பத்தே நாளில் போய்விடுகிறது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவுல போயி யாரு மோட்டாரை நிறுத்தறது? காசு குடுத்தா வாங்கறோம்? பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லித் தர்றாங்களா?" என்று சத்தம் போட்டார். மகள் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கட்டிலில் படுத்திருந்த தாய் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "காசு குடுக்கலீன்னு சொல்லாத சாமி" என்றார். "பெருமாநல்லூர்ல மூணு உசுரு போச்சு. அப்ப நான் கல்யாணமாயி வந்த புதுசு. இந்த வீட்டுல அன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கல. அந்தக் கரண்ட்டைத் தடத்துலயா ஊத்தறது?"

1970-ம் ஆண்டு, மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்துபோனார்கள். கொங்கு நாட்டில் அதன் பிறகும் போராட்டங்கள் தொடர்ந்தன. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சும்மா வந்துவிடவில்லை. இது அவருக்குத் தெரியாத கதை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நினைவிடத்துக்கு மாலையோடு போகிறவர்தான் அவர். ஆனால், அதையும் ஆட்டோ ஸ்டார்ட்டரையும் சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆட்டோவை எடுத்துவிட்டார். கூடுமானவரை பகலிலேயே தண்ணீர் விடுவது, ராத்திரி விட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்டார்ட்டரோடு ஒரு டைமரைச் சேர்ப்பது என்று முடிவானது. எலக்ட்ரீஷியன் வந்து கெப்பாசிட்டர் பழுதாகியிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார். ஃபுட் வால்வு தேய்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது, அதுவும் மாறியது. பைப்பில் செங்குத்தாகத் திரும்பிய இரண்டு எல்போக்களைக் கழற்றிவிட்டு, வளைவான பெண்டுகள் போட்டார்கள். தண்ணீர் முட்டி மோதாமல் போனால் அதே பாத்தி சீக்கிரம் நிறையும், மோட்டார் ஓடும் நேரம் குறையும்.

எரித்துக்கொண்டிருந்த காய்ந்த தென்னை மட்டைகளை மரத்தைச் சுற்றி மூடாக்காகப் போட்டார். மண் ஈரம் காக்க, தண்ணீர் விடும் இடைவெளியும் நீண்டது. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவிகித மானியம் உண்டு. இத்தனை நாள் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டதை எடுத்து, சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்றோடு தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார்.

மகளிடம் அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. மோட்டார் அறையில் ஒரு பழைய காலண்டர் அட்டையை ஆணியில் மாட்டிவைத்தார். தேதி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம் என்று மூன்று கோடுகள். "வந்து எழுதிக் குடு கண்ணு, என்ற எழுத்து எனக்கே புரியாது" என்று அவளைக் கூப்பிட்டார். அவள் மேலே 'மோட்டார் அட்டை' என்று பெரிதாக எழுதினாள்.

வழக்கமாகப் பங்குனிக் கடைசியிலேயே கிணற்றில் ஃபுட் வால்வு தெரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் தண்ணீரை விலைக்கு வாங்கி மரத்துக்கு ஊற்றுவார்கள். இந்த ஆண்டு சித்திரை பத்து தேதி ஆகியும் ஃபுட் வால்வு தண்ணீருக்குள்தான் இருந்தது. மழையா, சிக்கனமா என்று கேட்டால், "ரெண்டுந்தான்னு வச்சுக்குங்க" என்கிறார். இந்த வருஷம் தண்ணீர் லாரிக்குச் சொல்லவில்லை.

அப்பத்தாவின் அறையில் புது ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது. "ஓடுதா இல்லையான்னே தெரியல" என்று அவ்வப்போது கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொள்கிறார்.