பாண்டுப்பிலிருந்து தாராவிக்கு

சென்ற பொங்கலன்று ஒரு நாள் விடுப்பெடுத்துக்கொண்டு, தம்பியுடன் பாண்டுப் நிலையத்தில் மின்சார வண்டி ஏறினேன். நாள்தோறும் ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதுபவனுக்கு விடுப்பன்றும் ரயில்தானா என்று இல்லாள் நகைத்தாள். காஞ்சூர் மார்க், விக்ரோலி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா கடந்து ஆறாவது நிலையம் சயான். அங்கிருந்து தாராவி நடைதூரந்தான்.

90 அடிச் சாலையில் நம் பெண்டிர் வீதியோரமே அடுப்புக் கூட்டிப் பொங்கலிட்டுக்கொண்டிருந்தனர். புகையில் கண் எரிந்தது. மனமோ ஊருக்குப் போய்விட்டது. ஆனால் தம்பி வந்தது பொங்கலுக்கன்று. அவன் 'ராப்' பாடுகிறவன்.

தாராவியின் 'டோப்படெலிக்ஸ்' குழுவினர் 2018இல் வெளிவந்த 'காலா' படத்தில் பாடியதை அன்பர்கள் அறிவீர்கள். அதே ஆண்டு சனவரியில் சென்னையில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றிற்று. பிழைப்புக்குப் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் எங்கும் இப்படித்தான் போலும். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் ஜெர்மனிக்குக் கூலிகளாய்ச் சென்ற துருக்கியரின் மக்களும், 1995இல் 'கார்ட்டெல்' என்ற பெயரில் தாய்மொழியிலேயே ராப் பாடி, தம் நாட்டுப்புற இசையை அதனோடு பிணைத்தனர்.

எங்கள் தந்தையார் திருநெல்வேலிச் சீமையில் பறையடித்தவர். சாவு விழுந்தால் அழைப்பு வரும், போகாதிருக்க இயலாது. மும்பை வந்தபின் அதனை அவர் தொட்டதேயில்லை. "இங்கயாவது எவனும் என்னக் கூப்பிடாம இருக்கட்டும்" என்பார். தம்பி பாட்டுக்காகப் பரண்மேலிருந்த பறையைக் கேட்டபோது மறுத்துவிட்டார். நானும் தந்தை பக்கமே நின்றேன். தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

தாராவிச் சந்தொன்றில் இளைஞர் சிலர் காகிதம் கொளுத்திப் பறையின் தோலைச் சூடேற்றினர். ஒரு கையில் குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. நாலடித் தாளத்தில் பழகிய தம்பியின் நாக்கு, மும்மூன்றாய்ப் பிரிந்தோடும் அந்த அடியில் தடுமாறிற்று. சொற்களை வெட்டினான், சேர்த்தான், மீண்டும் தொடங்கினான். நாலாம் முறை பிடித்துக்கொண்டான். சுற்றி நின்ற சிறுவர்கள் ஆடினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் காலும் நிலைகொள்ளவில்லை.

இரவு வீடு திரும்பியதும் கண்டதைத் தந்தையிடம் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "தோலக் காய்ச்சுனானுவளா? வைக்கோல்லயா, காயிதத்துலயா?" என்றார்.

"காயிதத்துலதாம்ப்பா."

"காயிதம் ஆகாது" என்று சொல்லிப் பரணை நிமிர்ந்து பார்த்தார்.