வந்திருந்தாள், ஆயீ தீ, எத்தே வெனு

தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்று ஒரு கிராமம். அங்கே ஒரு தமிழ் வீட்டுப் பெண்ணுக்குக் காலையிலிருந்து இரண்டு மொழி வேண்டும். அம்மாவிடம் தமிழ், பஸ்ஸிலும் கடையிலும், வங்காளி, மலையாளி, ராஞ்சி வீட்டுப் பிள்ளைகளோடும் இந்தி. ‘நாங்க ஜெட்டிக்குப் போறதுக்குள்ள ஷிப் போயிருந்துச்சு’ என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதையே வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘ஜஹாஸ் நிகல் கயா தா’ என்பாள். இரண்டு இலக்கணங்களைத் தாண்டியது அவளுக்கே தெரியாது.

இந்தப் பெண் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வினோதமான கற்பனை அல்ல. 1985இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தோடுதான் போர்ட் பிளேயரின் கல்லூரிகள் நீண்ட காலம் இணைந்திருந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறையும் உண்டு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் அது; மொழி இன்னும் போய்விடவில்லை. கப்பலில் ஏறினால் ஏறத்தாழ மூன்று நாளில் சென்னை, அங்கிருந்து பஸ்.

முதல் சில மாதங்கள் சுமாராக ஓடும். பிறகு வரும், ‘ப்ளுஸ்-கு-பார்ஃபே’. முடிந்ததற்கும் முன்பே முடிந்ததைச் சொல்லும் காலம். செய்முறை எளிது. ‘ஆவுவார்’ (உடைமையைச் சொல்லும் வினை) அல்லது ‘எத்ர்’ (இருத்தலைச் சொல்லும் வினை), இரண்டில் ஒன்றைத் தொடர் இறந்தகாலத்தில் வைத்து, முக்கிய வினையின் எச்சத்தைப் பின்னால் ஒட்ட வேண்டும். ‘ஜாவே ஃபினி’: நான் முடித்திருந்தேன். ‘ஜெத்தே வெனு’: நான் வந்திருந்தேன்.

இரண்டாவது உதாரணத்தைத் தமிழோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியம். வந்து என்ற எச்சம், இருந்தேன் என்ற வினைமுற்று. ‘ஜெத்தே’ என்றாலும் இருந்தேன்தான், ‘வெனு’ வந்து. வரிசை மட்டும் தலைகீழ். போ, வா, புறப்படு, பிற, சா, ஏறு, இறங்கு, விழு என்று ‘எத்ர்’ கேட்கும் வினைகள் பதினைந்து சொச்சம். அவற்றைத் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

சிக்கல் மற்ற வினைகளில். தமிழில் எல்லாவற்றுக்கும் ‘இரு’ ஒன்றே போதும்: எழுதியிருந்தேன், சாப்பிட்டிருந்தேன். அந்தப் பழக்கத்தில் ‘ஜெத்தே மான்ஜே’ என்று சொல்லிவிட்டால், நான் சாப்பிட்டிருந்தேன் என்று ஆகாது. நான் தின்னப்பட்டேன் என்று ஆகிவிடும். கழிமுகங்களில் உப்புநீர் முதலை கிடக்கும் தீவிலிருந்து வந்தவள் யோசித்துச் சொல்ல வேண்டிய வாக்கியம். சரியானது ‘ஜாவே மான்ஜே’. உடைமையைச் சொல்ல நமக்குத் தனி வினை கிடையாது. ‘எனக்கு வீடு இருக்கிறது’ என்றே பழகியவர்கள். அதனால் ‘ஆவுவார்’ நாக்கில் படியக் கொஞ்ச நாளாகும்.

இங்கே சௌல்தாரியின் கடைத்தெரு இந்தி கைகொடுக்கிறது. ‘எத்ர்’ வந்தால் பிரெஞ்சில் எச்சமும் ஆண், பெண் பார்க்கும். ‘இல் எத்தே வெனு’ என்றால் அவன் வந்திருந்தான். ‘எல் எத்தே வெனு’ என்றால் அவள் வந்திருந்தாள். காதுக்கு ஒரே ‘வெனு’தான். எழுதும்போது பெண்ணுக்கு ஓர் எழுத்து கூடும். தமிழ் அந்த வேலையை விகுதியில் முடித்துவிடும், எச்சத்தைத் தொடாது. இந்தி தொடும்: ‘ஆயா தா’, ‘ஆயீ தீ’.

இன்னொன்று அதைவிடச் சுவையானது. ‘உஸ்னே சிட்டி லிகீ தீ’, அவன் கடிதம் எழுதியிருந்தான். எழுதியவன் ஆண், ஆனால் கடிதம் பெண்பால், எனவே ‘லிகீ’. பிரெஞ்சிலும் ‘அவன் எழுதியிருந்த கடிதம்’ என்று கடிதத்தை முன்னே கொண்டுவந்தால் ‘லா லெத்ர் கில் ஆவே எக்ரித்’. ‘எக்ரி’ என்பது ‘எக்ரித்’ ஆனதற்குக் காரணம் எழுதியவன் அல்ல, அந்தக் கடிதம். பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளே இந்த விதியில் தடுமாறுவார்கள். சௌல்தாரிப் பெண் சின்ன வயதிலிருந்து ‘லிகீ தீ’ என்று கேட்டு வளர்ந்தவள்.

எழுத்து வேறு தொல்லை. நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலு பேருக்கும் ‘ஆவே’தான் ஒலி, எழுதும்போது மூன்று விதம். ‘நாங்கள்’ என்றால் ‘ஆவியோன்’, ‘நீங்கள்’ என்றால் ‘ஆவியே’. உருப்போடுவதைத் தவிர வழியில்லை.

எதிர்த் திசையில் நடந்தவர்களும் உண்டு. 1855 முதல் 1862 வரை புதுச்சேரியில் மூசே, துப்புயி என்ற பாதிரிமார் தமிழ்–பிரெஞ்சு அகராதி அச்சிட்டார்கள். காரைக்காலில் வளர்ந்து பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியான் வின்சோன் 1903இல் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தமிழ்ப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார்.

ஒரு பழக்கம் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் பொது. உதவி கேட்கப் போகிறவர் வாசலில் நின்றுகொண்டே ‘ஒரு விஷயமா வந்திருந்தேன்’ என்பார். வந்து இன்னும் நிற்கிறார், ஆனாலும் ‘வந்திருந்தேன்’. பிரெஞ்சுக்காரரும் அதே கூச்சத்தில் ‘ஜெத்தே வெனு’ என்றுதான் தொடங்குவார். இலக்கண நூல்கள் இதைப் பணிவு வழக்கு என்கின்றன.

ஆனால் நம் வகுப்பறைகளில் இந்தக் காலம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் ‘ஹேட்’ வழியாகத்தான் நுழைகிறது. ‘ஹேட் கம்’ என்று படித்த பிள்ளை ‘ஜாவே வெனு’ என்று எழுதும், அது பிழை. பிரெஞ்சு ஆசிரியர்கள் அடுத்த முறை பலகையில் முதலில் ‘வந்திருந்தேன்’ என்று எழுதிப் பார்க்கட்டும்.