கப்பாபாஷி கத்திக் கடையும் என் பீச்சாங்கையும்

எனக்குக் கத்தி சேர்க்கிற பழக்கம் உண்டு. இதைச் சொன்னதுமே பாதிப் பேர் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள். அடுத்து "உனக்கு எந்த ஊர்?" என்று கேள்வி வரும். "சிவகங்கைப் பக்கம்" என்பேன். மீதிப் பாதியும் நகர்ந்துவிடும் :-) அருவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி எங்களுக்குப் பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான். அதற்கு நான் என்ன செய்ய?

உண்மையில் என் "ஆயுதக் கிடங்கு" ரொம்பப் பரிதாபமானது. மொத்தம் ஏழே ஏழு. பள்ளிக்கூட நாளில் மதுரை தமுக்கம் பொருட்காட்சியில் அடம்பிடித்து வாங்கிய மடக்குக் கத்தி, ஒரு விக்டோரினாக்ஸ், மரப்பிடி போட்ட பிரெஞ்சுக்கார ஒபினெல், சுவீடன் மோரா ஒன்று, உதிரியாக இரண்டு, அப்புறம் இந்தக் கதையின் வில்லனான ஒரு ஜப்பானிய மீன் கத்தி. இதுவரை இவை வெட்டிய ஒரே மனிதன் நான்தான் (ஆள்காட்டி விரல், மூன்று தையல்).

டோக்கியோவுக்குப் படிக்க வந்த பிறகு பொழுதுபோக்கு இன்னும் முற்றிவிட்டது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான அலகுள்ள கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியே எடுத்துப் போவது சட்டப்படி குற்றம். ஆகவே ஒபினெல் வந்த நாளிலிருந்து மேசை டிராயரில் தவம் இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றியே ஆகவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பீச்சாங்கைக்காரன். ஒண்ணாங்கிளாஸில் சிலேட்டுக் குச்சியை இடது கையில் எடுத்தால் விரல் முட்டியில் ஸ்கேல் விழும். வீட்டிலும் அதே கதைதான். "சோத்துக் கையால குடுடா" என்பது எங்கள் அப்பா என்னிடம் அதிகம் பேசிய வாக்கியம். கோயிலில் விபூதிக்கு இடது கை நீண்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பாட்டுதான். அடித்து அடித்தே எழுத்தும் சாப்பாடும் வலது கைக்கு மாறிவிட்டன. பந்து எறிவது, கத்தரிக்கோல், கத்தி மட்டும் மாறவேயில்லை.

இதில் எனக்கு இருந்த ஒரே புகலிடம் அப்பத்தாவின் அருவாமனை. அருவாமனையில் கத்தி நகராது, காய்தான் நகரும். பலகையைக் காலால் அமுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் காயைப் பிடித்துத் தள்ளவேண்டும். எது சோத்துக் கை, எது பீச்சாங்கை என்று அருவாமனை கேட்காது. வீட்டிலேயே நான் திட்டு வாங்காமல் ஒரு வேலை செய்த இடம் அதுதான். ("ஆம்பளப் பய அருவாமனையில உக்காரலாமா" என்று ஒரு அத்தை ஆரம்பித்தார். அப்பத்தா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.) எனக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது அங்கேயாகத்தான் இருக்கவேண்டும்.

இப்போது வில்லனுக்கு வருவோம். இங்கே வந்த முதல் வருடம் இணையத்தில் பழைய 'யனகிபா' ஒன்று மலிவாகக் கிடைத்தது. பச்சை மீனை மெல்லிசாகச் சீவும் நீளக் கத்தி அது. வில்லோ மரத்து இலை போல இருப்பதால் அந்தப் பெயர். 27 சென்டிமீட்டர். பார்சலைப் பிரித்தபோது சாமி கும்பிடாத குறைதான்! அந்த வாரமே லேப் நண்பர்கள் நாலு பேரை அறைக்குக் கூப்பிட்டு, பெரிய சமையல்காரன் மாதிரி சால்மன் துண்டை எடுத்துவைத்துச் சீவினேன்.

கத்தி நேராக இறங்கவேயில்லை. நான் ஒரு பக்கம் அழுத்தினால் அது வேறு பக்கம் ஓடியது. மேலே தடிமனாகவும் கீழே காகிதமாகவும், ஆப்பு ஆப்பாக விழுந்தது மீன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் ஸ்கேலோடு வந்து நின்றார். 'கத்தியில் என்ன இருக்கிறது? உன் கைதான் சரியில்லை.' கத்தியைத் துடைத்து டிராயரில் வைத்தவன் ஒன்றரை வருடம் வெளியே எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மொண்ணையாகிவிட்டதோ, சாணை பிடித்தால் சரியாகுமோ என்று ஒரு நப்பாசை. அலகை அட்டையில் சுற்றி, டேப் ஒட்டி, துண்டில் பொதிந்து, பையின் அடியில் போட்டுக்கொண்டு கப்பாபாஷிக்குக் கிளம்பினேன். சாணைக்குக் கொண்டுபோவது தகுந்த காரணம்தான். ஆனாலும் ரயிலில் போலீஸ்காரர் ஒருவர் ஏறியபோது என் முகம் எப்படி இருந்ததோ, பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து எனக்கு இடம் கொடுக்கப் பார்த்தார் :-(

கப்பாபாஷி, உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவில் இருக்கிற சமையல் சாமான் தெரு. கின்சா லைனில் தவராமச்சி ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். ஒரு கட்டடத்தின் உச்சியில் வெள்ளைத் தொப்பி வைத்த ராட்சச சமையல்காரர் தலை தெரியும். அங்கிருந்து 800 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 170 கடைகள். 1912 வாக்கில் பழைய சாமான் வியாபாரிகள் கூடி ஆரம்பித்த தெரு என்கிறார்கள். தட்டு, அண்டா, ஓட்டல் பலகை, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பிளாஸ்டிக் சாப்பாடு என்று ஓட்டல் நடத்த என்னென்ன வேண்டுமோ எல்லாம் கிடைக்கும், சமையல்காரரைத் தவிர. நடுவில் 'கப்பா' என்ற நீர்ப்பிசாசுக்குத் தங்க நிறச் சிலை. 2003-ல் வைத்தது. அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கத்தி மட்டுமே விற்கிற ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன்.

கத்தி சேர்க்கிறவனை அப்படி ஒரு கடைக்குள் விட்டால் என்ன ஆகும்? தி.நகர் நகைக்கடையில் கல்யாணப் பெண்ணின் அம்மாவை விட்ட கதைதான். சுவர் முழுக்கக் கத்தி. காய்கறிக்கு நாகிரி, மீன் தலையைப் பிளக்க தெபா, கறிக்கு க்யூத்தோ, எல்லாவற்றுக்கும் சாந்தோகு. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் அலை மாதிரி கோடு ஓடும் அலகுகள். படத்தில் ஆயிரம் தடவை பார்த்தவைதான். ஆனால் எடை படத்தில் வராது. கைப்பிடி மரத்தின் வாசனையும் வராது.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரிந்த வித்தையை இறக்கிவிடலாம் என்று 'வெள்ளைத் தாள்' எஃகா, 'நீலத் தாள்' எஃகா, எது நல்லது என்று ஆரம்பித்தேன். (ஷிமானே மாகாணத்து யசுகியில் தயாராகும் கத்தி எஃகுகளுக்கு, ஒட்டி வருகிற தாளின் நிறத்தை வைத்து ஏற்பட்ட பெயர்கள் இவை. கத்திப் பித்தர்கள் இதற்காக ராத்திரி முழுக்கச் சண்டை போடுவோம்.) அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் என்ன வெட்டுவீர்கள்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏழு கத்தி வைத்திருக்கிறேன். தினமும் வெங்காயம் நறுக்குவது நூறு யென் கடைக் கத்தியில். அதை எப்படிச் சொல்வது? பேச்சை மாற்றி, பையிலிருந்து யனகிபாவை எடுத்து நீட்டினேன்.

அவர் நேராக வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லிக் கைகாட்டினார். மேசைமேல் ஒரு துணி விரித்திருந்தது. அப்பத்தாவும் இப்படித்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவிட மாட்டார், தரையில் வை, எடுத்துக்கொள்கிறேன் என்பார். எனக்கு ஒரு நிமிஷம் ஊருக்கே போய்வந்த மாதிரி இருந்தது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்கே மெல்ல ஓட்டிப் பார்த்தார். "நல்ல கத்தி. கூர் இருக்கிறதே, என்ன குறை?" என்று திரும்பத் துணிமேல் வைத்தார், கைப்பிடி என் வலது கைப் பக்கம் வருகிற மாதிரி. நான் இடது கையைக் குறுக்கே நீட்டி எடுத்தேன்.

"ஓ... ஹிதாரிகிகி?" என்றார். இடது கைக்காரரா என்று அர்த்தம். நான் பழக்கதோஷத்தில் "மன்னிக்கவும்" என்றேன்!

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தியின் வாயை என் கண்ணுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். யனகிபா போன்ற கத்திகளுக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் ஏறக்குறையத் தட்டை. தட்டையில் மீன் ஒட்டாமல் இருக்க லேசாகக் குழி வேறு எடுத்திருப்பார்கள். உளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவு இருக்கிற பக்கம் தள்ளும், கத்தி தட்டைப் பக்கமாக ஓடப் பார்க்கும். வலது கைக்காரருக்குச் சரிவு வலப்பக்கம் இருக்கும், சீவிய துண்டு அந்தப் பக்கம் விழும், கை அதற்குப் பழகிக்கொள்ளும். அதே கத்தியை இடது கையில் பிடித்தால் எல்லாம் தலைகீழ். பிடித்திருக்கிற மீனின் பக்கம் சரிவு, சீவுகிற துண்டின் பக்கம் தட்டை. கத்தி வெளியே ஓடிவிடும், துண்டு கீழே மெலிந்து ஆப்பாக விழும்.

அதாவது, அன்றைக்கு சால்மன் எப்படி விழுந்ததோ அப்படியே.

"திருப்பிச் சாணை பிடித்தால் சரியாகாதா?" என்று கேட்டேன். ஆகாதாம். இந்த வகைக் கத்தியில் மெத்து இரும்பும் கடின எஃகும் ஒட்ட அடித்திருக்கும், எஃகு தட்டைப் பக்கம் இருக்கும். அது பட்டறையில் உலையில் அடிக்கும்போதே முடிவாகிவிடுகிற சமாச்சாரம். இடது கைக்கு என்றால் முதலிலிருந்தே மாற்றி அடிக்கவேண்டும். "உங்கள் கையில் தப்பு இல்லை. கத்தியிலும் தப்பு இல்லை. இது வேறொருவர் கத்தி" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். இடது கை யனகிபா. திறந்து துணிமேல் வைத்தார். கைப்பிடி என் இடது கைக்கு நேராக.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். இருபத்துமூன்று வருஷத்தில் எனக்காக ஒரு பொருளை இன்னொருவர் திருப்பி வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எடுத்தேன். நம்புங்கள், அது கையில் இருப்பதே தெரியவில்லை.

விலை 34,000 யென். அதே அளவு வலது கைக் கத்தி 24,000. எண்ணிக்கையில் குறைவாகச் செய்வதால் பீச்சாங்கைக்குக் கூடுதல் வரி :-) என் பையில் இருந்தது 15,000. ஊரில் என்றால் பேரம் பேசியிருப்பேன். அவரே பெட்டியை மூடிவிட்டு, மறுபடி அந்தக் கேள்விக்கு வந்தார். "என்ன வெட்டுவீர்கள்?"

இந்த முறை உண்மையைச் சொன்னேன். வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், வாரத்துக்கு ஒரு தடவை கோழி.

இரண்டு பக்கமும் சரிவுள்ள ஒரு சாந்தோகுவை எடுத்துவைத்தார். 16.5 சென்டிமீட்டர், எண்கோணக் கைப்பிடி, எந்தக் கைக்கும் பொருந்தும். ஆனால் இதிலும் பலவற்றில் கூர் கொஞ்சம் வலது கைப் பக்கம் சாய்த்துத்தான் பிடித்திருப்பார்களாம். ஆகவே சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்துக் கொடுத்தார். தனியாகக் காசு வாங்கவில்லை. 13,000 யென். துருப்பிடிக்கிற எஃகுதான், வெட்டியதும் துடைத்துவிடவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கா தெரியாது? மாங்காய் நறுக்கியதும் அருவாமனையைத் துடைக்காவிட்டால் அப்பத்தாவிடம் யார் வாங்கிக் கட்டிக்கொண்டது?

கத்தி வாங்க நேரில் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது மூன்றே விஷயம். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். எஃகின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் வெட்டப்போவதைச் சொல்லுங்கள். எந்தக் கைக்காரர் என்பதையும் சொல்லிவிடுங்கள், மன்னிப்புக் கேட்காமல்.

பழைய யனகிபாவை என்ன செய்தேன்? சேர்த்த கத்தியை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது என் கொள்கை. ஆனால் வேறொருவர் கத்தி என்று தெரிந்த பிறகு வைத்திருக்க மனசு வரவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவன், மீன் சமைப்பதில் கெட்டிக்காரன், வலது கைக்காரன். அவனிடம் கொடுத்தேன். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு, அதனால் அவன் ஒரு 5 யென் நாணயத்தை என் கையில் வைத்தான். ஜப்பானிய மொழியில் '5 யென்' என்பதற்கும் 'உறவு, தொடர்பு' என்பதற்கும் ஒரே உச்சரிப்பு, 'கோயென்'. அவன் என் முன்னாலேயே சால்மனைச் சீவிக் காட்டினான். ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். கொஞ்சம் வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வீட்டோடு பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்கினேன். அப்பா திரையில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமான வாக்கியம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கூரா இருக்கும்போல. பாத்து வெட்டு" என்றார்.

கத்திகள் இப்போதும் ஏழுதான். ஒன்று போனது, ஒன்று வந்தது. வந்தது மட்டும் டிராயருக்குள் போகவில்லை, அடுப்பு மேடையில் இருக்கிறது. கைப்பிடி இடது பக்கமாக.