குழாய்க்குள் ரோஸ் கலர் தண்ணி

எங்க ஊரில் நிறைய வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். எனக்குப் பெரியம்மா பையன். லியோன் பக்கத்தில் நீச்சல் குளங்களைப் பராமரிக்கிற வேலை. மார்ச், ஏப்ரல் வந்தால் அண்ணனைப் போனில் பிடிக்கவே முடியாது. கேட்டால், "குளம் திறக்குற சீசன்டா" என்பான். குளத்தைத் திறக்கிறதா? கோயில் நடை திறக்கிற மாதிரியா? :-)

மேட்டர் இதுதான். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். பாண்டிச்சேரியில் டிசம்பர் ராத்திரியிலும் 20 டிகிரி பக்கம் இருக்கும், நமக்குக் கவலையில்லை. அங்கே மண்ணுக்கடியில் போகிற குழாயில் தண்ணீர் நின்று உறைந்தால் குழாய் வெடித்துவிடும். அப்புறம் தோட்டத்தைத் தோண்ட வேண்டியதுதான். அதனால் குளிருக்கு முன்னாடியே குளத்தின் நீர்மட்டத்தை இறக்கி, குழாயில் இருப்பதைக் காற்றடித்து வெளியே தள்ளி, உறையாத திரவத்தை ஊற்றி, குழாய் வாயை ரப்பர் அடைப்பானால் மூடிவிடுவார்கள். இதற்குப் பிரெஞ்சில் 'இவெர்னாஜ்' என்று பேர். அண்ணன் ஊற்றுவது ரோஸ் கலர் திரவம்.

வசந்தத்தில், தண்ணீர் 12 டிகிரியைத் தொடும்போது, எல்லாம் தலைகீழ். அடைப்பானை எடுத்து, குளத்தை நிரப்பி, பம்பின் வடிகட்டிக் கூடையில் தண்ணீர் ஊற்றி (காய்ந்த பம்ப்பை ஓட்டினால் சீல் போச்சு), வால்வை 'எகூ', அதாவது சாக்கடை, என்ற இடத்தில் வைத்து மோட்டாரைப் போடணும். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நம்ம பெரிய வாய்க்கால்தான் ஞாபகம் வருது. ரோஸ் தண்ணி நுரையோடு வெளியே ஓடி, தெளிந்த பிறகு வால்வை மாற்றலாம்.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்துக் குழாய் சுத்தமாயிடும். ஃபில்டரைத் தாண்டி, குளத்துக்குத் திரும்பிப் போகிற குழாயில் இருப்பது? அது எகூ வழியா வராதே! கேட்டேன். "அது குளத்துக்குள்ளதான் போகும். வேணும்னா முன்னாடியே வேக்குவம் வெச்சு உறிஞ்சிக்கலாம்" என்றான். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 48,000 லிட்டர். அதில் பத்து லிட்டர் கலந்தால் 0.02 சதவீதம்தான். கொஞ்சம் நுரைக்கும், குளோரினைத் தின்னும், கூடுதலாகக் குளோரின் போடணும். அவ்வளவே.

ஆனால் இந்த 'அவ்வளவே' ஊற்றினது புரொப்பிலீன் கிளைக்கால் என்றால் மட்டும். இருமல் மருந்தில்கூடக் கரைப்பானாகச் சேர்ப்பது இதைத்தான். நம்ம மெக்கானிக் கடையில் கார் ரேடியேட்டருக்குப் போடுகிற கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைக் காலி பண்ணிவிடும். இன்னொரு பங்காளி, டைஎத்திலீன் கிளைக்கால். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்களே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த இருமல் மருந்தில் இருந்தது இதுதான். தமிழ்நாட்டு ஆய்வகம் கண்ட அளவு 48.6 சதவீதம். அனுமதி 0.1. பேரில் ஒரு அசை மாறினால் இவ்வளவு வித்தியாசம்.

அண்ணனுக்கு ஒரு அனுபவம். ஒரு வீட்டில் அடைப்பானை எடுத்தால் ரோஸுக்குப் பதில் பச்சையா வந்திருக்கு. வீட்டுக்காரர் காசு மிச்சம் பிடிக்க, போன குளிருக்குத் தானே கார் கூலன்ட்டை ஊற்றிவிட்டாராம். அண்ணன் மோட்டாரைத் தொடவே இல்லை. ஒவ்வொரு குழாயிலும் வேக்குவத்தை வைத்து உறிஞ்சி, கேனில் பிடித்து, தண்ணீர் விட்டு அலசி, அதையும் கேனில் பிடித்திருக்கிறான். சாக்கடையிலும் விடக்கூடாது, நகராட்சியின் ஆபத்தான கழிவு வாங்குகிற இடத்தில் கொடுக்கணும். அரை மணி நேர வேலைக்கு முழு நாள் ஆச்சு.

"காருக்குப் போடறதுதானே, குழாய்க்குப் போட்டா என்ன?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அண்ணன் பதில் சொல்லாமல், குளத்தோரம் நக்கிக்கொண்டிருந்த அவர் நாயை முதலில் உள்ளே கட்டச் சொல்லியிருக்கிறான்.