கண் அளவும் மருந்து அளவும்

உண்ணி என்ற பெயரை முதலில் வைத்தவர் மிகவும் நேர்மையான மனிதராக இருந்திருக்க வேண்டும். உண்பது எதுவோ அது உண்ணி. அதற்கு மேல் அந்தப் பிராணியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பறக்காது, பாடாது, கூடு கட்டாது, நாளைக்கென்று சேர்த்து வைக்காது. ஓர் உடம்பைப் பிடித்துக் கொள்ளும், உண்ணும், உருண்டு விழும். பசுவின் மடியிலேயே ஒட்டிக் கொண்டிருந்தாலும் அதற்குப் பால் வேண்டாம், இரத்தந்தான் வேண்டும் என்று பெரியவர்கள் உவமை சொல்வார்கள். நானும் பல வருஷங்களாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு ஒரே நோக்கமுள்ள ஒரு பாத்திரத்தை என்னால் இதுவரை படைக்க முடிந்ததில்லை.

நாய் வளர்க்காதவர்களுக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இது ஒரு வீட்டு யுத்தம் என்று. எங்கள் மணி உயர்ந்த ஜாதி நாய் அல்ல. ஓர் ஐப்பசி மழைக்கு எங்கள் வாசல் படியில் ஒதுங்கி, மழை நின்ற பிறகும் போக மறந்துவிட்டவன். அவனோடு அவனுடைய பரிவாரமும் வந்து சேர்ந்தது. காது மடலுக்குள், கால் விரல் இடுக்கில், கழுத்தின் அடியில் என்று எங்கே விலக்கிப் பார்த்தாலும் உண்ணி. நாளுக்கு நாலு பிடுங்கினால் மறுநாள் எட்டு இருக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. நாம் நாயின் மேல் பார்ப்பது சேனையின் ஒரு பகுதியைத்தான். வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆறு காலோடு பொரிந்து வரும் குஞ்சு நாயைத் தேடி ஏறும், உண்ணும், இறங்கும். சட்டையை உரித்து எட்டுக் காலோடு மறுபடி ஏறும், உண்ணும், இறங்கும். முழு வளர்ச்சி அடைந்து மூன்றாம் முறையும் ஏறும். நம் ஊர் நாய்களின் மேல் சாதாரணமாகக் காணும் பழுப்பு உண்ணி, இத்தனை பருவங்களையும் ஒரு வீட்டுக்குள்ளேயே நடத்தி முடித்துவிடும். வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்களில் இதைவிடப் பிடிவாதமானவரை நான் கண்டதில்லை.

கடிப்பதோடு போனாலும் பரவாயில்லை. அது ஒரு ஜுரத்தையும் கொண்டு வருகிறது. 1935-ஆம் வருஷம் அல்ஜீரியாவில் நாய்களிடம் முதன்முதலில் கண்டறியப்பட்ட எர்லிக்கியா என்ற கிருமி இந்த உண்ணி மூலமாகத்தான் பரவுகிறது. நாய் சாப்பிடாது, சோர்ந்து படுத்திருக்கும். இரத்தத்தை உறைய வைக்கும் நுண்தட்டுகள் குறைந்து, சில சமயம் மூக்கிலிருந்து இரத்தம் வடியும். வியட்நாம் யுத்தத்துக்கு அமெரிக்கப் படையோடு போன நாய்களில் ஏராளமானவை இந்த நோய்க்குப் பலியாயின. ஆகவே உண்ணியை ஒழிப்பது நாயின் அழகுக்காக அல்ல, உயிருக்காக.

மணிக்கு உண்ணி என்ற செய்தி பரவியதும் எங்கள் தெருவில் இத்தனை வைத்தியர்கள் இருப்பது எனக்குத் தெரிய வந்தது. பால்காரர் மண்ணெண்ணெய் தடவச் சொன்னார். ஒரு நண்பர் பினாயில் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டச் சொன்னார். மூன்றாமவர், தோட்டத்துச் செடிக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தில் கொஞ்சம் மீதி இருக்கிறது, தருகிறேன் என்றார். எல்லோரும் நல்லவர்கள். ஆனால் மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். பினாயிலும் செடி மருந்தும் தோல் வழியாகவும், நாய் தன்னை நக்கிக் கொள்ளும்போது வாய் வழியாகவும் உள்ளே போய் விஷமாகும். உண்ணியைக் கொல்லுவது எதுவோ அது நாயைக் கொல்லாது என்று யாரும் உத்தரவாதம் எழுதிக் கொடுக்கவில்லையே!

கடைசியில் கால்நடை டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “நாய் என்ன எடை ஸார்?” என்பதுதான்.

“சுமார் பதினைந்து கிலோ இருக்கலாம்” என்றேன்.

“சுமார் வேண்டாம். நிறுத்துப் பார்க்கலாம்” என்றார்.

மணி தராசில் நிற்க மறுத்துவிட்டான். ஆகவே நான் அவனைத் தூக்கிக் கொண்டு நின்றேன். பிறகு தனியாக நின்றேன். கழித்துப் பார்த்ததில் அவன் 13 கிலோ. என் எடையும் அங்கே காத்திருந்த ஏழெட்டுப் பேருக்குத் தெரிந்து போயிற்று.

அவர் கொடுத்தது சுண்டு விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாய். ஃபிப்ரோனில் என்ற மருந்து. 10 கிலோ வரை உள்ள நாய்க்கு 0.67 மில்லி, 10 முதல் 20 வரை 1.34 மில்லி, 20 முதல் 40 வரை 2.68 மில்லி என்று தனித் தனிக் குழாய்களாக வருகிறது. இத்தனை சொற்ப மருந்து எப்படி முழு நாயையும் காப்பாற்றும் என்று சந்தேகப்பட்டேன். டாக்டர் விளக்கினார். தோளெலும்புகளுக்கு நடுவில் விட்ட மருந்து, தோலில் ஊறும் இயற்கையான எண்ணெயோடு சேர்ந்து உடம்பெங்கும் பரவுகிறது. மயிர்க்கால் அருகே உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வாரங்கள் வெளியே வருகிறது. பூச்சியின் நரம்பை அமைதிப்படுத்தும் வாசலை அது அடைத்துவிடும். நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துப் பூச்சி சாகும். நம்மைப் போன்ற பிராணிகளின் நரம்பில் அது அவ்வளவு பலமாகப் பிடிப்பதில்லை.

“இதில் செய்யக் கூடாதவைதான் ஜாஸ்தி” என்று சொல்லி, டாக்டர் விரல் மடக்கினார். மயிரின் மேல் விடக் கூடாது. மயிரைப் பிரித்துத் தோலின் மேல் விட வேண்டும். நாக்கு எட்டாத இடமாக இருக்க வேண்டும். புண் இருக்கும் இடத்தில் கூடாது. நாயைக் குளிப்பாட்டி இரண்டு நாள் கழித்து விட வேண்டும், விட்ட பிறகு இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவிவிட்டால் மருந்து எதில் ஏறிப் பரவும்? உலரும் வரை குழந்தைகள் நாயைத் தொடக் கூடாது. கையுறை போட்டுக் கொள்ள வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இந்த மருந்து கிடையாது. நோயாளி நாய்க்கும், சினை நாய்க்கும், கிழ நாய்க்கும் கேட்டுக் கொண்டுதான் போட வேண்டும். முயல் வளர்ப்பவர்கள் இதை முயலின் பக்கமே கொண்டு போகக் கூடாது. பெரிய நாயின் குழாயை வாங்கி இரண்டு சின்ன நாய்களுக்குப் பங்கிடவே கூடாது.

கடைசியாகச் சொன்னாரே, அந்தப் பங்கீடு, அதுதான் நம் வீடுகளின் பழக்கம். நாம் கண் அளவில் வாழ்கிறவர்கள். என் தாயார் ஆயுளில் ஒரு நாள் கூட உப்பை அளந்து போட்டதில்லை. குழம்பு ஒரு நாள் கூடத் தப்பியதில்லை. ஆனால் அதே கையால்தான் பெரியவர்களின் மாத்திரையை இரண்டாக உடைத்துச் சிறுவனுக்குக் கொடுக்கிறோம். போன ஜுரத்தில் மீந்த மருந்தை இந்த ஜுரத்துக்கு விடுகிறோம். வீணாக்கக் கூடாது என்ற நல்ல குணந்தான். ஆனால் நல்ல குணம் எல்லா இடத்திலும் நல்ல காரியம் செய்வதில்லை.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். கணக்குத் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவரும், முப்பது கிலோ எடையுள்ள ஒரு நாயும், ஒரு வெள்ளைப் பூனையும். நாய் அவருடையது, பூனை அந்த அம்மாளுடையது. அம்மாள் இருந்த வரையில் அவருக்கும் பூனைக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவள் போன பிறகு அது அவர் நாற்காலியின் அடியில் படுக்க ஆரம்பித்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு அவர் எங்கள் கதவைத் தட்டினார். துண்டில் சுற்றிய பூனை கையில் இருந்தது. அதன் காது துடித்தது, கால்கள் துடித்தன, உடம்பு முழுவதும் அலை அலையாக நடுங்கிற்று. கண்ணின் பாவை விரிந்திருந்தது.

“நாய்க்கு உண்ணி மருந்து விட்டேன் ஸார். குழாயில் கொஞ்சம் மீந்தது. வீணாவானேன் என்று இதன் கழுத்திலும் நாலு சொட்டு விட்டேன்” என்றார்.

என் மனைவி அவரிடம் காலி அட்டைப் பெட்டியைக் கொண்டு வரச் சொன்னாள். அவர் மருந்து வேறு. பெர்மெத்ரின் என்று போட்டிருந்தது. நான் டாக்டருக்குப் போன் செய்து அந்தப் பெயரைப் படித்தவுடனே அவர் குரல் மாறிவிட்டது. “வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்புப் போட்டு மருந்து விட்ட இடத்தைக் கழுவுங்கள். சுடு தண்ணீர் வேண்டாம். துடைத்து, துண்டில் சுற்றி உடனே கொண்டு வாருங்கள்” என்றார். என் மனைவி கழுவினாள். பெரியவர் பிடித்துக் கொண்டார். நான் ஆட்டோ தேடிக் கொண்டு ஓடினேன்.

பெர்மெத்ரின் புதிய அரக்கன் அல்ல. சாமந்தி இனத்து வெள்ளைப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பூச்சிக் கொல்லியைப் பார்த்து, அதைவிட வெயிலுக்குத் தாங்குவதாக, 1973-ல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழுவினர் செய்தது. நாய் இதைப் பெரும்பாலும் சிரமமில்லாமல் தாங்குகிறது. பூனையின் கல்லீரலுக்கோ இப்படிப்பட்ட பொருள்களை மாற்றி வெளியே அனுப்பும் ஒரு சக்தி மிகவும் குறைவு. நாய்க்கான குழாய்களில் மருந்தின் வீரியமும் அதிகம். அதனால் சில சொட்டுகளே நடுக்கமாகி, வலிப்பாகி, உயிரைக் கொண்டு போய்விடும். பூனையின் மேல் விடக்கூட வேண்டாம். மருந்து உலராத நாயோடு ஒட்டிப் படுத்தாலே சில பூனைகளுக்கு இந்தக் கதி வரும்.

அன்று இரவு டாக்டர் நரம்பில் ஊசி குத்தி, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் சலைனும் ஏற்றினார். விஷத்தை முறிக்கும் மாற்று மருந்து என்று ஒன்று கிடையாது. நடுக்கத்தைக் கட்டி வைத்து, உடம்பு தானாக வெளியேற்றும் வரை காத்திருப்பதுதான் வைத்தியம். இரண்டு இரவும் ஒரு பகலும் காத்திருந்தோம். முதல் இரவு பெரியவர் அந்த மர பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. விடியற்காலையில் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்:

“அவள் இருந்திருந்தால் அட்டையைப் படித்திருப்பாள் ஸார்.”

அட்டையில் இருக்கத்தான் இருந்தது. பூனையின் உருவம் போட்டுக் குறுக்கே கோடு கூட இழுத்திருந்தார்கள், மிளகு அளவில்.

இதை அவருடைய அஜாக்கிரதை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. படித்தவர்கள் நிறைந்த அமெரிக்காவில் 2008-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இப்படித் தோலில் பூசுகிற பூச்சி மருந்துகளால் தொல்லை ஏற்பட்டதாக 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. சில சாதாரண அரிப்பு, சில மரணம். அந்நாட்டுச் சுற்றுச் சூழல் பாதுகாப்பு இலாகா ஆராய்ந்து, 2010-ல் முடிவை வெளியிட்டது. எடை குறைந்த சின்ன நாய்களே அதிகமாகத் துன்பப்பட்டன. நாய் மருந்தைப் பூனைக்கு விட்டதும் ஒரு பெருங் காரணம். அட்டையில் எழுத்தைத் தெளிவாக்க வேண்டும், எடை வரம்புகளைக் குறுக்க வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். மருந்து கெட்டது என்று முடிவு கட்டவில்லை. அதுதான் நியாயம். சரியான பிராணிக்குச் சரியான எடையில் விட்டால் இந்தக் குழாய் எத்தனையோ நாய்களின் உயிரைக் காக்கிறது. எங்கள் மணியே சாட்சி. மாதம் ஒரு முறை தேதி குறித்து வைத்து விடுகிறோம். சுவர் விரிசல்களைச் சிமெண்டு வைத்து அடைத்தாயிற்று. அவன் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுகிறோம். மருந்து நாயைக் காக்கும். வீட்டை நாம்தான் காக்க வேண்டும். எப்போதாவது ஒன்றிரண்டு தென்பட்டால் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுகிறேன். நசுக்குவதில்லை, நெருப்பு வைப்பதுமில்லை.

எழுதுகிறவனுக்கு இதில் ஒரு பொறாமையும் உண்டு. நான் பக்கம் பக்கமாக எழுதுவதில் ஒரு வரியைத் தவற விட்டால் வாசகருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தச் சின்ன அட்டையை எழுதிய பெயரில்லாத ஆசாமியின் ஒரு வரியைத் தவற விட்டால் ஓர் உயிர் போகிறது. படிக்க முடியாத அத்தனை பொடி எழுத்தில் அதை அச்சடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பூனை பிழைத்துக் கொண்டது. பெரியவர் இப்போது ஒரு பூதக் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார். மருந்துக் கடையிலிருந்து எது வந்தாலும், தமக்குத் தலைவலி மாத்திரை என்றாலும் கூட, நாற்காலியில் உட்கார்ந்து அட்டையின் நாலு பக்கத்தையும் படிக்கிறார். சத்தமாகத்தான் படிக்கிறார். யாருக்குப் படித்துக் காட்டுகிறார் என்று நான் கேட்டதில்லை.